கஞ்சா விற்கும் பையன் எதற்குப் பயப்படுகிறான்?

"எத்தனை கிலோ என்று எழுதியிருக்கிறார்கள், அக்கா?" கஞ்சா வழக்கில் பிடிபட்ட பையன்களை ரிமாண்டுக்குக் கொண்டுவரும்போது அவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் இதைத்தான். எத்தனை வருடம் உள்ளே இருக்க வேண்டியிருக்கும் என்று கேட்பவர்கள் குறைவு. எடை தெரிந்தால் ஜாமீன் எப்போது என்பது தெரிந்துவிடும். அதற்கு அப்பால் அவர்கள் மனம் போவதில்லை. மதுரையில் இலவசச் சட்ட உதவி வழக்குகளை நடத்தும் நான், இந்தக் கேள்வியை வைத்துத்தான் தண்டனைகளைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது வயதில் பொட்டலம் விற்கிற ஒருவனை எந்தத் தண்டனை தடுக்கிறது? எது தடுக்காமல் போகிறது?

சட்டத்தில் என்ன இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின்படி கஞ்சாவில் ஒரு கிலோ வரை சிறிய அளவு. அதற்கு ஓராண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். 20 கிலோவைத் தாண்டினால் வணிக அளவு. அதற்குக் குறைந்தபட்சமே பத்தாண்டு, அதிகபட்சம் இருபதாண்டு. அபராதம் ஒரு லட்சத்தில் தொடங்குகிறது. இரண்டுக்கும் இடைப்பட்டதற்குப் பத்தாண்டு வரை கொடுக்கலாம். வணிக அளவு வழக்கில் ஜாமீன் பெறுவதற்குச் சட்டத்தின் 37-ஆவது பிரிவு மதில்போல நிற்கிறது: இவர் குற்றவாளி அல்ல என்று நம்ப நியாயமான காரணம் இருப்பதாக நீதிபதிக்குத் தோன்ற வேண்டும், வெளியே போனால் மீண்டும் குற்றம் செய்யமாட்டார் என்றும் தோன்ற வேண்டும்.

கடுமை போதாது என்று இந்தச் சட்டத்தைப் பார்த்து யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஒவ்வொரு முறை ஒரு கல்லூரி வாசலில் பொட்டலம் பிடிபட்டுச் செய்தி வரும்போதும், இன்னும் கடுமையாக்க வேண்டும் என்ற குரல்தான் முதலில் எழுகிறது. சிங்கப்பூரைப் பாருங்கள் என்பார்கள். பார்ப்போம்.

சிங்கப்பூரில் 15 கிராமுக்கு மேல் ஹெராயின் கடத்தினால் மரண தண்டனை. கஞ்சாவுக்கு 500 கிராம். மலேசியாவைச் சேர்ந்த யோங் வுய் கோங் 2007-இல் 47 கிராம் ஹெராயினுடன் அங்கே பிடிபட்டபோது அவருக்கு வயது 19. முதலில் தூக்கு விதிக்கப்பட்டு, சட்டத்திருத்தம் வந்த பிறகு 2013-இல் ஆயுள் சிறையும் பதினைந்து பிரம்படியும் என்று அது மாறியது. நாகேந்திரன் தர்மலிங்கத்துக்கு அந்த வாய்ப்பும் கிடைக்கவில்லை. 2009-இல் தொடையில் கட்டிய 42 கிராம் பொட்டலத்தோடு எல்லையில் பிடிபட்டபோது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. அறிவுத்திறன் குறியீடு 69 என்று மருத்துவ மதிப்பீடு சொல்லியும், 2022 ஏப்ரல் 27 அன்று தூக்கிலிடப்பட்டார். மலேசியாவின் ஈப்போ நகரிலிருந்து அவருடைய தாய் வந்து மன்றாடியது தமிழ் நாளிதழ்களில் வந்தது, பலருக்கு நினைவிருக்கும். இந்த இருவருக்கும் சட்டம் தெரியாமலா இருந்திருக்கும்? எல்லைச் சோதனைச் சாவடியிலேயே மரண தண்டனை என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிற நாடு அது.

தன் கொள்கை வெற்றி பெற்றதற்குச் சான்றாகச் சிங்கப்பூர் உள்துறை அமைச்சகம் ஒரு புள்ளிவிவரத்தைத் தருவதுண்டு. 1990-இல் 1,200 கிராமுக்கு மேற்பட்ட அபினுக்கு மரண தண்டனை கொண்டுவந்த பிறகு, நான்கு ஆண்டுகளில் கடத்தப்பட்ட சராசரி எடை 66 விழுக்காடு குறைந்ததாம். நான் அதை மறுக்கவில்லை. ஆனால் அது சொல்வது என்ன என்று பாருங்கள். கோடு எங்கே போடப்பட்டிருக்கிறது என்று பார்த்து, அதற்குக் கீழே நின்று தொழில் நடத்தக் கற்றுக்கொண்டார்கள் என்றும் அதைப் படிக்கலாம். நம் ஊரிலும் ஆந்திர மலைப்பகுதியிலிருந்து வரும் சரக்கு பல பைகளாக, பல ஆட்களாகப் பிரிந்துதான் ரயில் ஏறுகிறது. எடைக்கு ஏற்றபடி தண்டனை இருந்தால், ஆட்களின் எண்ணிக்கை கூடும். கூடுகிற ஆட்கள் யார்? வேலையில்லாத, முன்வழக்கு இல்லாத, ஒரு பையைச் சென்னையிலிருந்தோ விசாகப்பட்டினத்திலிருந்தோ கொண்டுவந்து கொடுத்தால் ஐயாயிரம் கிடைக்கும் என்று நம்புகிற பையன்கள்.

கடுமை கூடும்போது சுமை கீழ்நோக்கி இறங்குகிறது. என்னை மிகவும் கலங்கவைப்பது இந்த இறக்கம்தான். அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் 1970-களின் இறுதியில் ஹெராயின் விற்ற ஒரு கும்பலுக்குப் பெயரே யங் பாய்ஸ் இன்கார்ப்பரேட்டட். தெருவில் நின்று விற்றவர்கள் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள். பிடிபட்டால் சிறுவர் நீதிமன்றத்தோடு முடிந்துவிடும் என்பதற்காகவே அவர்களை நிறுத்தினார்கள். பெரியவர்களுக்கு நீண்ட சிறை என்று எழுதிய சட்டம், சிறுவர்களுக்கு வேலைவாய்ப்பை உண்டாக்கிவிட்டது. நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 78-ஆவது பிரிவு இதைத் தடுக்கத்தான் இருக்கிறது. போதைப்பொருளை விற்கவோ சுமக்கவோ ஒரு குழந்தையைப் பயன்படுத்துகிறவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் வரை அபராதமும் உண்டு. நல்ல பிரிவு. ஆனால் பொட்டலத்தோடு பிடிபட்ட பதினாறு வயதுப் பையனின் வழக்குக் கட்டில் இந்தப் பிரிவை நான் பார்த்தது மிக அரிது. பொட்டலத்தைக் கொடுத்தனுப்பியவன் பெயர் தெரியாத ஆளாகவே நின்றுவிடுகிறான். மாறாக அந்தப் பையனிடம் இருந்தது வணிக அளவு என்றால், பத்தாண்டுக் குறைந்தபட்சத் தண்டனை உள்ள குற்றம் என்பதால், அவனைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா என்று இளைஞர் நீதிக் குழுமம் ஆராயத் தொடங்கலாம். ஏவியவனுக்கு எழுதிய பிரிவு தூங்குகிறது. ஏவப்பட்டவனுக்கு எழுதியது விழித்திருக்கிறது.

வயது ஏற ஏறத் தண்டனைக்கு அஞ்சுவார்கள் என்ற எண்ணத்தையும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். டேவிட் லீ, ஜஸ்டின் மெக்ரேரி என்ற இரு பொருளியலாளர்கள் ஃப்ளோரிடா மாநிலத்தின் கைதுப் பதிவுகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே பதினெட்டாவது பிறந்தநாளன்று சிறுவர் நீதிமன்றம் முடிந்து பெரியவர் நீதிமன்றம் தொடங்குகிறது. எதிர்பார்க்கக்கூடிய சிறைக்காலம் ஒரே நாளில் பல மடங்காகிறது. நீண்ட தண்டனை உண்மையிலேயே மிரட்டுமானால், அந்தப் பிறந்தநாளை ஒட்டிக் குற்றங்கள் சட்டென்று சரிய வேண்டும். சரிவு இருந்தது, ஆனால் கண்ணில் படாத அளவுக்குச் சிறியது. இது எல்லாவகைப் பெருங்குற்றங்களையும் பற்றிய ஆய்வு, போதை விற்பனையை மட்டும் பற்றியது அல்ல. என்றாலும் ரிமாண்டில் நான் பார்க்கிற முகங்களோடு அது ஒத்துப்போகிறது. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் நண்பனிடம் வாங்கிய பணத்தைத் திருப்ப வேண்டும், இருசக்கர வாகனத்துக்கு மாதத் தவணை கட்ட வேண்டும் என்று யோசிக்கிறவனுக்கு, பத்தாண்டு என்பது வேறு யாருக்கோ எழுதிய எண்.

ஆசை என்ன, ஆபத்து என்ன என்பதைப் பற்றி ராண்ட் என்ற அமெரிக்க ஆய்வு நிறுவனம் 1990-இல் வெளியிட்ட ஆய்வுக்காகப் பீட்டர் ராய்ட்டரும் அவருடைய சகாக்களும் வாஷிங்டன் நகரின் தெரு விற்பனையாளர்களைக் கணக்கெடுத்தார்கள். என் மனத்தை விட்டு அகலாத ஆய்வு அது. தொடர்ந்து விற்கிற ஒருவனுக்கு ஓராண்டில் கொல்லப்படும் வாய்ப்பு எழுபதில் ஒன்று. பலத்த காயம் அடைவது பதினான்கில் ஒன்று. சிறைக்குப் போவது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. இத்தனையும் தெரிந்தே நின்றார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் வேறொரு சட்டபூர்வமான வேலையிலும் இருந்தார்கள். பகலில் மணிக்கு ஏழு டாலர். மாலையில் சில மணி நேரம் விற்றால் மணிக்கு முப்பது டாலர். "வேலை கிடைத்தால் விட்டுவிடுவான்" என்று நாமெல்லாம் சுலபமாகச் சொல்கிறோம். வேலை இருந்தும் விற்றவர்கள் அவர்கள். மதுரையிலும் நான் சந்தித்தவர்களில் பலர் உணவு விநியோகம் செய்பவர்கள், பெயின்டர்கள், பட்டறையில் இருப்பவர்கள். மரணமே அருகில் நின்றும் விலகாதவர்களை, தொலைவில் நிற்கும் சிறை எப்படி விலக்கும்?

சிறை ஒருமுறை பார்த்துவிட்டால் அந்தப் பயமும் போய்விடுகிறது. முதல்முறை உள்ளே போகிற பையன் முதல் வாரம் அழுகிறான். மனுப் போட்டுப் பார்க்கப்போகும் அம்மாக்கள் வந்து சொல்வார்கள். இரண்டாவது மாதத்தில் அழுகை நின்றுவிடும். வெளியே வரும்போது, முன்பு தெருமுனையில் ஒருவனை மட்டும் தெரிந்திருந்தவனுக்கு, கம்பத்தில் யார், ஒடிசாவில் யார் என்று பெயர்கள் தெரிந்திருக்கும். 1982-ஆம் ஆண்டின் தடுப்புக்காவல் சட்டத்தில், மக்கள் குண்டாஸ் என்று சொல்கிறார்களே அதில், போதைப்பொருள் குற்றவாளிகளையும் ஓராண்டு வரை விசாரணையின்றி அடைத்து வைக்கலாம். அதில் பல ஆணைகள் உயர் நீதிமன்றத்தில் நடைமுறைக் குறைகளால் ரத்தாகின்றன. ரத்தாகி வெளியே வருகிறவனுக்குத் தெருவில் ஒரு மரியாதை கூடியிருக்கும். "குண்டாஸில் போய் வந்தவன்" என்பது சில தெருக்களில் பட்டம்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் தண்டனையே வேண்டாம் என்கிறீர்களா என்று என் சக வழக்கறிஞர்களே சண்டைக்கு வருவார்கள். இல்லை. தண்டனை வேண்டும். 1764-இலேயே இத்தாலியச் சிந்தனையாளர் செசாரே பெக்காரியா எழுதிவிட்டார்: தண்டனையின் கடுமையைவிட அது தப்பாமல் வரும் என்பதும், தாமதமின்றி வரும் என்பதும்தான் மனிதனைத் தடுக்கும். இன்றைய குற்றவியல் ஆய்வுகளும் திரும்பத் திரும்ப அங்கேதான் வந்து நிற்கின்றன. ஐந்து முறை விற்றுப் பிடிபடாமல், ஆறாவது முறை பிடிபட்டு, வாய்தா வாய்தாவாக நான்கு ஆண்டு இழுத்து, சாட்சி பிறழ்ந்து, கடைசியில் ஒரு தீர்ப்பு வருகிறது. இடையில் அவனுக்குக் கல்யாணமே ஆகியிருக்கும். அந்தத் தீர்ப்பு எந்தச் செயலுக்காக வந்தது என்பது அவனுக்கே மங்கலாகிவிடும்.

சிறிதாக, உடனே, தெரிந்தவர்கள் முன்னால் வருகிற தண்டனை எப்படி இருக்கும்? அதற்கு நான் அறிந்த மிகத் தெளிவான எடுத்துக்காட்டு, நாற்காலி மேசைகளுக்குப் பெயர்போன ஹை பாயின்ட் என்ற சிறு நகரம். அமெரிக்காவின் வட கரோலினாவில் இருக்கிறது. அங்கே வெஸ்ட் எண்டு என்ற பகுதியில் கிராக் கொக்கைன் விற்பனை பட்டப்பகலில், வீட்டு வாசல்களில் நடந்தது. காவல்துறை ஆண்டுக்கணக்கில் சுற்றிவளைத்துப் பிடித்தது; மறுவாரமே வேறு பையன்கள் நின்றார்கள். 2004-இல் காவல் தலைவர் ஜேம்ஸ் ஃபீலியும், டேவிட் கென்னடி என்ற குற்றவியல் அறிஞரும் வேறு வழியில் இறங்கினார்கள்.

முதலில் விற்பவர்கள் யார் என்று பெயர் பெயராகக் கண்டறிந்தார்கள். ஊரையே நாசம் செய்வதாக எல்லோரும் நினைத்திருந்த அந்தச் சந்தையை நடத்தியவர்கள் இருபது பேர்கூட இல்லை. ஒவ்வொருவரிடமும் மறைமுகமாக வாங்கிப் படம்பிடித்து, வழக்கை முழுமையாகத் தயார் செய்தார்கள். வன்முறை வரலாறு உள்ள சிலரை மட்டும் கைது செய்தார்கள். மற்றவர்களின் வழக்குக் கட்டுகளை அப்படியே மூடிவைத்தார்கள்.

பிறகு காவல்துறையினரும் அந்தப் பகுதியின் கறுப்பின மக்களும் உட்கார்ந்து பேசினார்கள். தொடக்கத்தில் அது இனிமையான பேச்சாக இல்லை. உங்கள் ஆட்களே விற்கிறார்கள், நீங்கள் வாய் திறப்பதில்லை, அந்தப் பணம் உங்கள் வீட்டுக்கும் வருகிறது என்று காவலர்கள் பலர் நம்பியிருந்தார்கள். எங்கள் பிள்ளைகளைச் சிறையில் அடைப்பதற்காகத்தான் இந்தப் போதையை நீங்கள் அனுமதிக்கிறீர்கள் என்று மக்களில் பலர் நம்பியிருந்தார்கள். இரண்டு தரப்பும் இதை நேருக்கு நேர் சொல்லிக்கொண்ட பிறகுதான் அடுத்த படி சாத்தியமானது. பிள்ளைகளை உள்ளே தள்ளும் சோதனைகளால் எதுவும் சரியாகவில்லை என்று காவல்துறை ஒப்புக்கொண்டது. இதைச் செய்யாதே என்று நம் பிள்ளைகளிடம் நாமே உரக்கச் சொன்னதில்லை என்று மக்களும் ஒப்புக்கொண்டார்கள்.

அதன்பின் அந்த இளைஞர்களுக்குக் கடிதம் போனது. ஒரு கூட்டத்துக்கு வாருங்கள், உங்களுக்கு முக்கியமான ஒருவரை அழைத்து வாருங்கள், அன்று இரவு உங்களைக் கைது செய்யமாட்டோம். தாயோடு, பாட்டியோடு வந்தார்கள். முதல் அறையில் பேசியது போதகரும் அண்டை வீட்டாரும் உறவினரும்: நீ எங்களுக்கு வேண்டியவன், ஆனால் நீ செய்வது எங்களை அழிக்கிறது, இன்றோடு நிறுத்து. வேலைக்கோ சிகிச்சைக்கோ யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் அங்கேயே சொன்னார்கள். அடுத்த அறையில் காவல்துறையும் அரசு வழக்கறிஞர்களும் இருந்தார்கள். அவரவர் விற்றதற்கான படக்காட்சி, அவரவர் பெயரெழுதிய வழக்குக் கட்டு, ஏற்கெனவே கைதானவர்களின் படங்கள் எல்லாம் அங்கே இருந்தன. இந்தக் கட்டு இங்கேயே இருக்கும்; நீ மீண்டும் ஒருமுறை விற்றால் அன்றே பிடிவாரண்டு கிளம்பும். வெஸ்ட் எண்டின் பகிரங்கச் சந்தை அந்தக் கூட்டத்தோடு கலைந்தது. நகரின் வேறு பகுதிகளிலும் அதையே செய்தார்கள். 2007-இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் புதுமையான ஆட்சிமுறைக்காக வழங்கும் விருது ஹை பாயின்டுக்குக் கிடைத்தது.

அங்கே எத்தனை வகைத் தண்டனைகள் ஒரே மாலையில் ஒன்றுசேர்ந்தன என்று எண்ணிப் பார்க்கிறேன். நிச்சயமான சிறை ஒன்று இருந்தது, ஆனால் அது இன்னும் விழவில்லை; விழாமல் தடுப்பது அவன் கையில் இருந்தது. தாயின் முன்னால் தன் படம் திரையில் ஓடுகிற வெட்கம் இருந்தது. தெருவுக்கே தெரிந்துவிட்டது என்பதால், யாருக்கும் தெரியாது என்ற மறைவும் போய்விட்டது. கூடவே, விடுகிறவன் கௌரவமாக விடுவதற்கு ஒரு காரணமும் கிடைத்தது. கூட்டாளி கேட்டால், "கட்டு தயாராக இருக்கிறது, இனி என்னால் முடியாது" என்று சொல்லிவிடலாம். இந்தக் கடைசிச் செய்தியை நம் ஊரில் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. விற்பதை நிறுத்த விரும்பும் பையன்கள் இருக்கிறார்கள். நிறுத்துவதற்கு அவர்களிடம் சாக்குதான் இல்லை.

இந்த முறையைப் பின்பற்றிய எல்லா நகரங்களிலும் இதே பலன் கிடைத்துவிடவில்லை. ஹவாயில் 2004-இல் நீதிபதி ஸ்டீவன் ஆல்ம் தொடங்கிய நன்னடத்தைக் கண்காணிப்புத் திட்டத்துக்கும் இதே கதைதான். சோதனையில் போதை தெரிந்தால் உடனே, தவறாமல், சில நாள் மட்டும் சிறை என்பது அதன் விதி. அங்கே முதல் மதிப்பீட்டில் மீண்டும் கைதாவது பாதிக்கு மேல் குறைந்தது. பின்னர் வேறு நான்கு இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் தென்படவில்லை. என் கருத்து இது: கூட்டத்தையும் விதியையும் நகல் எடுத்துவிடலாம். ஆனால் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றும் ஆட்களும், அவர்கள்மீது தெருவுக்கு இருக்கும் நம்பிக்கையும் நகல் எடுக்கக் கிடைப்பதில்லை.

வெட்கத்தைப் பயன்படுத்துவதில் நம் ஊர் பின்தங்கவில்லை. ஆனால் அதைத் தவறான இடத்தில் பயன்படுத்துகிறது. பையில் பொட்டலம் இருந்தது என்று தெரிந்தவுடன் மாற்றுச் சான்றிதழை எழுதிக் கையில் கொடுத்துவிடும் பள்ளியைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பையன் பதினொன்றாம் வகுப்பு. அதுவரை காலை ஒன்பது மணி முதல் நான்கரை மணி வரை அவனைப் பார்த்துக்கொள்ள ஆட்கள் இருந்தார்கள். மறுநாளிலிருந்து முழுநாளும் அவன் விற்கிறவர்களின் கையில். அவன் அப்பா என் முன்னால் உட்கார்ந்து, "அடித்திருக்கலாமே, வக்கீலம்மா, வெளியே ஏன் அனுப்பினார்கள்?" என்று கேட்டார். அடிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் அவருக்குப் புரிந்தது சரியானது. தண்டனை முடிந்த பிறகும் பையன் அவர்களுடையவனாக இருந்திருக்க வேண்டும்.

வங்கிக் கணக்கு முடக்கமும் இப்படி இரு முனை கொண்டது. 2022 முதல் தென்மாவட்டங்களில் கஞ்சா வழக்கில் சிக்கியவர்களின் கணக்குகளோடு உறவினர்களின் கணக்குகளும் முடக்கப்படுகின்றன. பெரிய வியாபாரிக்கு இது சிறையைவிட வலிக்கிறது என்பதை நானே பார்த்திருக்கிறேன். தொழிலின் பணம் எங்கே இருக்கிறதோ அங்கே கை வைக்கிறது. ஆனால் பொட்டலத்துக்கு ஐம்பது ரூபாய் பார்க்கிற பையனின் பணம் வங்கியில் இருப்பதில்லை. அங்கே இருப்பது அம்மாவின் மகளிர் குழுச் சேமிப்பு. அது முடங்கினால் அவனைக் கண்டிக்க வீட்டில் மிஞ்சியிருந்த ஒரே ஆளின் கையும் கட்டப்படுகிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விற்கிற பையன்களில் பலர் தாங்கள் புகைப்பதற்காக விற்பவர்கள். அவர்களுக்காகவே சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. சிறிய அளவு வழக்கில், போதைக்கு அடிமையானவர் தாமே முன்வந்து சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவின் கீழ் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. சிகிச்சையை முழுமையாக முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பைத் திரும்பப் பெறலாம். தலைக்கு மேல் தொங்கும் தண்டனை, கையருகே திறந்த கதவு: ஹை பாயின்ட் செய்ததன் சாயல் நம் சட்டப் புத்தகத்திலேயே இருக்கிறது. இதைக் கேட்டு மனுப் போடும் வழக்கறிஞர்கள் மிகக் குறைவு. குற்றத்தை ஒப்புக்கொண்டு சின்ன அபராதம் கட்டி வெளியே போவது எல்லோருக்கும் சுலபமாக இருக்கிறது. அடுத்த மாதமே அவன் திரும்பி வருவான்.

ஜாமீன் மனுக்களில் நான் ஒரு மாற்றம் செய்திருக்கிறேன். காலையும் மாலையும் காவல் நிலையத்தில் கையெழுத்து என்ற வழக்கமான நிபந்தனைக்குப் பதிலாக, வாரம் ஒருமுறை அரசு மருத்துவமனையின் போதை மறுவாழ்வுப் பிரிவில் கையெழுத்து, அவனுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் உடன் வர வேண்டும், ஒரு வாரம் தவறினாலும் மறுநாளே நீதிமன்றத்துக்குத் தகவல் என்று கேட்கிறேன். சில நீதிபதிகள் ஏற்கிறார்கள், சிலர் ஏற்பதில்லை. ஏற்ற ஒரு வழக்கில், பையன் இரண்டாவது வாரமே வரவில்லை. தகவல் போய், நீதிமன்றம் அழைத்து, தாய்மாமன் முன்னிலையில் நீதிபதி கண்டித்து, ஜாமீனை ரத்து செய்யாமல் அடுத்த வாரத் தேதியைக் கொடுத்தார். எல்லாம் நான்கைந்து நாட்களுக்குள் முடிந்தது. வெளியே வந்ததும் அவன் மாமனிடம் சொன்னான்: "இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று நினைக்கவில்லை." அதன்பிறகு அவன் வந்துகொண்டிருக்கிறான். வராத பையன்களும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவனுக்கு இந்த வாரம் ஜாமீன் ரத்தானது. நிபந்தனையை மாற்றாமல்தான் அடுத்த மனுவையும் எழுதிக்கொண்டிருக்கிறேன். உடன் வரும் பெரியவராகத் தந்தையைப் போடாமல் அவன் வேலை பார்த்த பட்டறை முதலாளியைப் போடலாமா என்பது மட்டும்தான் இப்போது யோசனை. அவனுக்கு அவரிடம்தான் பயமும் மரியாதையும் இருப்பதாக அவன் அம்மா சொல்கிறார்.